நாற்காலி இல்லாத கருவி: சாக்சபோனும் ஆர்கெஸ்ட்ராவும்

முன்னுரை

சாக்சபோன் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1994-ஆம் ஆண்டு வெளிவந்த ‘டூயட்’ திரைப்படம்தான். திரையில் பிரபு வாசிப்பதாகக் காட்டினாலும், ஏ. ஆர். ரகுமானின் இசையில் அக்கருவியை உண்மையில் ஊதியவர் கத்ரி கோபால்நாத். அடுத்து நினைவுக்கு வருவது ஜாஸ் இசை. மேற்கத்தியச் செவ்விசை ஆர்கெஸ்ட்ராவோடு சாக்சபோனைச் சேர்த்து நினைப்பவர் மிகக் குறைவு. அதில் வியப்பும் இல்லை. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் 1998-இல் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் அரங்கில் ஓர் இசை நிகழ்ச்சிக்குச் சென்றால், மேடையில் உள்ள நாற்காலிகளைக் கவனித்துப் பாருங்கள். வயலின், செல்லோ, புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ட்ரம்பெட் என ஒவ்வொன்றுக்கும் நிரந்தர இடம் உண்டு. சாக்சபோனுக்குப் பொதுவாக இல்லை. உலகின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் பலவற்றிலும் இதே நிலைதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் முடித்து, தேசிய இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தபோது, அங்கிருந்த பேண்டு வாத்தியக் குழுவில் இணைந்தேன். வேறு யாரும் எடுக்காத பழைய ஆல்டோ சாக்சபோன் ஒன்று எனக்குக் கிடைத்தது. 2019-இல், படிவம் மூன்றில் படிக்கும்போது, ஓர் இளையோர் ஆர்கெஸ்ட்ராவின் தேர்வுக்குத் துணிந்து சென்றேன். பதிவு மேசையில் இருந்தவர் என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். “சாக்சபோனா? ஆர்கெஸ்ட்ராவில் அதற்கு இடமே இல்லையே தம்பி, தெரியாதா?” என்று கேட்டார். அவர் கடுமையாகப் பேசவில்லை, உண்மையைத்தான் சொன்னார். ஆனாலும் பெட்டியைத் திறக்காமலேயே வீடு திரும்பியது இன்றும் மனத்தில் இருக்கிறது.

ஏன் இடமில்லை? இடமில்லாத கருவிக்கு ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் அருமையான படைப்புகள் எப்படி வந்தன? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நான் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

1. கருவியும் அதன் பிறப்பும்

வயலினையோ புல்லாங்குழலையோ இன்னார்தான் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. சாக்சபோனுக்குத் தந்தை யார் என்பது தெளிவாகத் தெரியும். 1814-இல் பெல்ஜியத்தின் தினான் என்ற ஊரில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ்தான் அவர். இசைக்கருவி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1842-இல் பாரிஸ் நகருக்குக் குடியேறினார். 1846-இல் சாக்சபோனுக்குக் காப்புரிமை பெற்றார்.

பித்தளையில் செய்யப்பட்டிருந்தாலும் சாக்சபோன் மரக்காற்றுக் கருவிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. காரணம், ஒலி பிறக்கும் இடம். ட்ரம்பெட்டில் அதிர்வது வாசிப்பவரின் உதடு. சாக்சபோனில் அதிர்வது வாய்முனையில் கட்டப்பட்ட ஒரு மெல்லிய நாணல் பட்டை. நம் நாதஸ்வரத்தின் சீவாளியை நினைத்துக்கொள்ளுங்கள். சீவாளியில் நாணல் இரு மடலாக இருக்கும். இதில் ஒரே பட்டைதான்.

ஒற்றை நாணல் பட்டை கிளாரினெட்டிலும் உண்டு. இரண்டுக்கும் வேறுபாடு குழாயின் வடிவத்தில் இருக்கிறது. கிளாரினெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே அகலமுடையது. சாக்சபோனின் குழாய் நாதஸ்வரத்தைப் போல மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பு. இந்த வடிவம் ஒரு பெரிய வசதியைத் தருகிறது. சாக்சபோனில் கீழ் ஸ்தாயியின் ஒரு ஸ்வரத்தை ஊதிக்கொண்டே, கட்டைவிரலால் ஒரு சாவியை அழுத்தினால், அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். விரல் வைப்பு பெரும்பாலும் மாறாது. கிளாரினெட்டில் அப்படிச் செய்தால் மேல் ‘ஸ’ வராது. அதையும் தாண்டிய ‘ப’ வரும். அதனால்தான் சாக்சபோனைத் தொடங்குவது எளிது என்பார்கள். தொடங்குவது மட்டும்தான் எளிது. நல்ல ஒலியை எழுப்ப எனக்கு இரண்டாண்டுகள் பிடித்தன.

சாக்ஸ் தம் கருவியைத் தனியொன்றாக வடிவமைக்கவில்லை. உச்ச ஒலியிலிருந்து அடி ஒலி வரை ஒரு முழுக் குடும்பமாகவே வடிவமைத்தார். அவற்றுள் சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் ஆகிய நான்கையே இன்று அதிகம் காண்கிறோம். மரக்காற்றுக் கருவியின் விரைவும் பித்தளைக் கருவியின் வலிமையும் ஒன்றில் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் காப்புரிமையில் இராணுவ இசைக்குழுக்களுக்கு ஒரு வரிசையும் ஆர்கெஸ்ட்ராவுக்கு வேறு சுருதிகளில் இன்னொரு வரிசையும் இருந்தன. ஆகவே, ஆர்கெஸ்ட்ராவில் உட்காரும் எண்ணத்தோடுதான் இக்கருவி பிறந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

2. இடம் கிடைக்காமல் போனது ஏன்?

இதற்கு நான் மூன்று காரணங்களைக் காண்கிறேன்.

முதலாவது, காலம். ஆர்கெஸ்ட்ராவின் இருக்கை அமைப்பு ஹைடன், மொசார்ட், பீத்தோவன் ஆகியோர் காலத்திலேயே பெரும்பாலும் உறுதியாகிவிட்டது. பீத்தோவன் 1827-இல் காலமானபோது சாக்ஸ் இன்னும் சிறுவன். ஆர்கெஸ்ட்ராக்கள் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் வாசிக்கும் அடிப்படைப் படைப்புகளில் சாக்சபோன் இல்லாததற்கு இதுவே எளிய காரணம்.

இரண்டாவது, பகை. 1845-இல் பாரிஸில் நடந்த ஒரு போட்டியில், சாக்ஸின் கருவிகளைக் கொண்ட குழுவும் பழைய முறைக் குழுவும் மக்கள் முன்னிலையில் மோதின. சாக்ஸின் குழு வென்றது. பிரெஞ்சு இராணுவம் அவருடைய கருவிகளை ஏற்றுக்கொண்டது. இதனால் வருமானம் இழந்த மற்றக் கருவித் தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடி அவர் காப்புரிமையை எதிர்த்து நீண்ட காலம் வழக்காடினார்கள். சாக்ஸ் மூன்று முறை திவாலாகி, 1894-இல் மறைந்தார். இராணுவக் குழுவில் கருவிக்கு இடம் கிடைத்தது. ஆனால் அதுவே ‘இது அணிவகுப்புக் கருவி’ என்ற முத்திரையையும் குத்திவிட்டது.

மூன்றாவது காரணத்தை நான் ‘வட்டம்’ என்பேன். ஆர்கெஸ்ட்ராவில் சாக்சபோன் வாசிப்பவர் இல்லை. அதனால் இசையமைப்பாளர் அதற்கு எழுதுவதில்லை. எழுதியது இல்லை, அதனால் ஆர்கெஸ்ட்ரா அவரை வேலைக்கு எடுப்பதில்லை. இந்த வட்டத்தின் வலிமைக்குப் பெர்லியோஸே சான்று. பிரெஞ்சு இசையமைப்பாளரான அவர், 1842-லேயே செய்தித்தாளில் இக்கருவியின் ஒலியைப் புகழ்ந்து எழுதியவர். ஆயினும் தம்முடைய பெரும் ஆர்கெஸ்ட்ராப் படைப்புகளில் அவர் சாக்சபோனைச் சேர்க்கவில்லை. பாராட்டுரை நாற்காலி ஆகாது போலும்!

இடையிடையே சிலர் இதை விருந்தாளியாக அழைத்தார்கள். 1872-இல் பிசே ‘லார்லேசியன்’ நாடக இசையில் ஆல்டோ சாக்சபோனைப் பயன்படுத்தினார். முசோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதிய ‘கண்காட்சியில் ஓவியங்கள்’ என்ற படைப்பை 1922-இல் ரவேல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது, ‘பழைய கோட்டை’ என்ற பகுதியின் ஏக்கமான மெட்டை ஆல்டோ சாக்சபோனிடம் கொடுத்தார். 1928-இல் அவர் எழுதிய ‘பொலேரோ’விலும் சாக்சபோன்கள் முறை வைத்து மெட்டை வாசிக்கின்றன. ரஹ்மானினோவின் 1940-ஆம் ஆண்டு ‘சிம்பொனி நடனங்க’ளிலும் ஓர் அழகிய தனிப்பகுதி உண்டு. இவற்றை வாசிக்கும் நாள்களில் மட்டும் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வந்து கூடுதல் நாற்காலி போடுவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அந்த நாற்காலி மடக்கப்படும்.

3. கேட்டவர்களுக்குக் கிடைத்தது

வட்டத்தை உடைத்தவர்கள் யார்? இசையமைப்பாளர்கள் அல்லர், ஆர்கெஸ்ட்ராக்களும் அல்ல. கருவியைக் கையில் வைத்திருந்தவர்களே நேரில் சென்று கேட்டார்கள்.

முதலில் சொல்ல வேண்டியவர் பாஸ்டன் நகரத்து எலிஸ் ஹால் அம்மையார். செவித்திறன் குறைந்த பிறகு, மருத்துவ ஆலோசனையின்பேரில் இவர் சாக்சபோன் பழகினார். வாசிக்கத் தகுந்த படைப்பு இல்லை என்று கண்டதும், தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துப் பிரெஞ்சு இசையமைப்பாளர்களை எழுதச் சொன்னார். அவர்களுள் டெபுஸியும் ஒருவர். டெபுஸி பணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார். அவர் எழுதிவைத்திருந்த வரைவை, அவர் 1918-இல் இறந்த பிறகு, ரோஜே-துகாஸ் என்ற இசையமைப்பாளர்தான் ஆர்கெஸ்ட்ராவுக்கு முழுமையாக்கினார். 1919-இல் பாரிஸில் அது அரங்கேறியது. சாக்சபோனும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த அந்த ‘ராப்சடி’ இன்று உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. பணம் கொடுத்துக் காத்திருந்த அந்த அம்மையார் இல்லாவிட்டால், டெபுஸியின் பெயரில் இப்படி ஒன்று இருந்தே இருக்காது.

அடுத்தவர் சிகுர்ட் ராஷர். 1907-இல் ஜெர்மனியில் பிறந்த இவர் முதலில் கிளாரினெட் படித்தார். நடனக் குழுக்களில் வாசித்துச் சம்பாதிப்பதற்காகவே சாக்சபோனுக்கு வந்தார். பிறகு அதன்மீது பற்றுக்கொண்டு, இரண்டரை ஸ்தாயி என்று கருதப்பட்ட அதன் வீச்சை நான்கு ஸ்தாயி வரை உயர்த்திக் காட்டினார். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். ஜாஸ் வழியாகக் கறுப்பின மக்களோடு தொடர்புபடுத்தப்பட்ட இக்கருவியை அவர்கள் இழிவாகக் கருதினர். 1938-இல் டுசல்டோர்ஃபில் ‘சீரழிந்த இசை’ என்று அவர்கள் நடத்திய கண்காட்சியின் சுவரொட்டியில் இருந்ததும் சாக்சபோன் ஊதும் ஒரு கறுப்பின மனிதரின் கேலிச்சித்திரமே. ராஷர் 1933-லேயே நாட்டைவிட்டு வெளியேறி, டென்மார்க்கிலும் சுவீடனிலும் வாசித்தும் கற்பித்தும் வாழ்ந்தார். சென்ற இடமெல்லாம் இசையமைப்பாளர்களைச் சந்தித்துத் தம் கருவிக்கு எழுதுமாறு விடாமல் கேட்டார். சுவீடனின் லார்சன் 1934-இலும், பிரான்சின் ஜாக் இபேர் 1935-இலும் எழுதிக் கொடுத்தவை இன்றும் நிலைத்து நிற்கின்றன. வாழ்நாளில் அவருக்காக எழுதப்பட்டவை நூற்றுக்கும் மேற்பட்டவை.

மூன்றாமவர் பிரான்சின் மார்செல் மியூல். இராணுவ இசைக்குழுவிலிருந்து வந்த இவர், 1958-இல் பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுடன் தனி வாசிப்பாளராகச் சுற்றுப்பயணம் செய்தார். இன்னும் பெரிய பணியை அவர் வகுப்பறையில் செய்தார். அதைப் பிறகு காண்போம்.

ஆர்கெஸ்ட்ராவின் உள்ளே நாற்காலி கிடைக்கவில்லை. ஆனால் ஆர்கெஸ்ட்ராவின் முன்னே நிற்க இடம் கிடைத்தது. ஒருவர் முன்னே நின்று வாசிக்க, ஆர்கெஸ்ட்ரா முழுவதும் அவரோடு உரையாடும் படைப்பைக் கான்செர்டோ என்பார்கள். சாக்சபோனின் செவ்விசை வரலாறு பெரும்பாலும் கான்செர்டோக்களின் வரலாறாக அமைந்ததற்கு இதுவே காரணம்.

4. ஒரு கான்செர்டோவைக் கேட்போம்

புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் கிளாசுனோவ் 1934-இல் எழுதிய கான்செர்டோ. ஆல்டோ சாக்சபோனுக்கும் தந்திக் கருவிகளுக்கும் எழுதப்பட்டது. ஏறக்குறைய 14 நிமிடம்.

கிளாசுனோவ் 1905-இலிருந்து பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். இளம் ஷோஸ்டகோவிச்சுக்குத் துணை நின்றவர். 1928-இல் தாய்நாட்டை விட்டுக் கிளம்பியவர் பிறகு திரும்பவில்லை, பாரிஸில் தங்கிவிட்டார். அந்த முதியவரிடம்தான் 27 வயது கூட நிரம்பாத ராஷர் சென்று நச்சரித்தார். ஊரை விட்டு வந்த முதியவர், ஊரை விட்டு வந்த இளைஞருக்காக, நாற்காலி இல்லாத கருவிக்கு எழுதினார். 1934 நவம்பரில் சுவீடனின் நீசோப்பிங் என்ற சிற்றூரில் அது அரங்கேறியது. 1936-இல் கிளாசுனோவ் பாரிஸ் அருகே காலமானார்.

கேட்கும்போது நான்கு இடங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, தொடக்கம். சாக்சபோன் உடனே வருவதில்லை. தந்திக் கருவிகள் முதலில் ஒரு மெட்டை எடுத்து வைக்கின்றன. அதைக் கேட்டுக்கொண்டிருந்தது போல, பிறகே சாக்சபோன் மெதுவாக நுழைகிறது. பின்னணியில் வேறு காற்றுக் கருவி ஒன்றுகூட இல்லை. அதனால், மூச்சால் ஒலிப்பது அந்த மேடையில் இது ஒன்றுதான். வயலின்களுக்கு நடுவே ஒரு மனிதர் பாடுவது போல எனக்குத் தோன்றும்.

இரண்டாவது, நடுவில் வரும் மெதுவான பகுதி. படைப்பு எங்கும் நிற்பதில்லை. வேகம் தானாகத் தணிந்து இங்கே வந்து சேர்கிறது. விரைவும் வித்தையும் இல்லாத இடம் இது. நீண்ட மூச்சு வேண்டும். சாக்சபோன் என்றாலே இரைச்சல் என்பவர்களுக்கு இந்தப் பகுதி ஒன்றே போதுமான பதில்.

மூன்றாவது, கடென்சா. எல்லாக் கருவிகளும் ஓய, சாக்சபோன் மட்டும் தனியே வாசிக்கும் பகுதி. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் ஒதுங்கிக்கொண்டு மிருதங்கத்துக்கு வழிவிடுவதை ஒப்பிடலாம். ஆனால் தனி ஆவர்த்தனம் அங்கேயே பிறப்பது. இந்தக் கடென்சா முன்பே எழுதப்பட்டது.

நான்காவது, அதன் பின் வரும் துரத்தல் விளையாட்டு. ஒரு கருவி தொடங்கிய மெட்டை இன்னொன்று சற்றுத் தாமதித்து அப்படியே தொடங்க, அடுத்தது அதையும் துரத்துகிறது. இதை ஃபியூகாட்டோ என்பார்கள். இங்கே சாக்சபோனும் தந்திகளும் சமமாக ஓடுகின்றன. யார் முன்னே, யார் பின்னே என்ற வேறுபாடு மறைந்து, படைப்பு உற்சாகமாக முடிகிறது. தொடக்கத்தில் தயங்கி நுழைந்த கருவி, முடிவில் அவர்களுள் ஒருவராகிவிடுகிறது.

2019-இல் நான் பெட்டியைத் திறக்காமல் திரும்பியதைக் கேட்ட எங்கள் பள்ளி இசைக்குழு ஆசிரியர், எதுவும் சொல்லாமல் இந்தக் கான்செர்டோவின் இசைப்பிரதியைப் படியெடுத்துத் தந்தார். சென்ற ஆண்டு பல்கலைக்கழகத்தில் ஒரு நண்பர் பியானோ வாசிக்க, மெதுவான பகுதியை மட்டும் ஒருமுறை மேடையில் வாசித்தேன். கடென்சா இன்னும் எனக்கு வசப்படவில்லை.

5. வகுப்பு மூடினால்

மியூலைப் பற்றிச் சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன். அடோல்ஃப் சாக்ஸ் 1857-இலிருந்து பாரிஸ் இசைக் கல்லூரியில் சாக்சபோன் வகுப்பு நடத்தினார். 1870-இல் பிரஷ்யாவுடன் போர் மூண்டது, வகுப்பு மூடப்பட்டது. போர் மறு ஆண்டே முடிந்தது, வகுப்பு திறக்கவில்லை. 1942-இல்தான் மியூலை ஆசிரியராகக் கொண்டு அது மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலம் 72 ஆண்டுகள்!

இந்த எண்ணைப் படித்தபோது நான் சற்று நேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. யாரும் சாக்சபோனைத் தடை செய்யவில்லை. உடைத்து எறியவும் இல்லை. ஒரு வகுப்பை மூடினார்கள், அவ்வளவுதான். ஆனால் மாணவர் இல்லாமல் ஆசிரியர் உருவாக மாட்டார். ஆசிரியர் இல்லாமல் வாசிப்பவர் உருவாக மாட்டார். வாசிப்பவர் இல்லாமல் படைப்பு பிறக்காது. சாக்ஸ் இறக்கும்போதும் வகுப்பு மூடியே கிடந்தது. 1942-க்குப் பிறகு மியூலிடம் படித்தவர்கள் பல நாடுகளில் ஆசிரியர்களானார்கள். படைப்புகளும் பெருகின. 2013-இல் அமெரிக்காவின் ஜான் ஆடம்ஸ் எழுதிய கான்செர்டோ வரை அந்த வரிசை நீள்கிறது. ராஷரும் மியூலும் நீண்ட காலம் வாழ்ந்து, இருவரும் 2001-ஆம் ஆண்டிலேயே மறைந்தார்கள். தாங்கள் கேட்டு வாங்கிய படைப்புகளை அடுத்த தலைமுறை வாசிப்பதைக் கேட்கும் பேறு அவர்களுக்குக் கிடைத்தது.

கத்ரி கோபால்நாத்தின் கதையும் இதற்கு இணையானதே. நாதஸ்வரக் கலைஞரின் மகனான அவர், மைசூர் அரண்மனை இசைக்குழுவில் சாக்சபோனைக் கேட்டு மயங்கினார். கர்நாடக இசையிலும் அக்கருவிக்கு இருக்கை இருக்கவில்லை. பல்லாண்டு உழைத்து அதில் கமகங்களைக் கொண்டுவந்து, 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கின் பிபிசி இசை விழா வரை அதை எடுத்துச் சென்றார். 2019-இல் அவர் மறைந்தபோது, கச்சேரி மேடையில் சாக்சபோனை அந்நியமாகப் பார்ப்பவர் அரிது.

முடிவுரை

பெருந்தொற்றால் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் நீண்ட நாள் மூடியிருந்தன. எங்கள் பேண்டு வாத்தியக் குழுவும் நின்றது. நான் படிவம் ஐந்து முடித்து வெளியேறியபோது, எனக்குப் பின்னால் சாக்சபோன் ஊத ஒருவரும் இல்லை. மூத்தவர் இளையவருக்கு விரல் வைப்பைச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் இரண்டே ஆண்டுகளில் அறுந்துவிட்டது. அண்மையில் விடுமுறையில் பள்ளிக்குச் சென்றபோது, என் பழைய கருவி அலமாரியில் பாசி நிறம் ஏறிக் கிடந்தது. ஆசிரியரிடம் அனுமதி பெற்று, இப்போது விடுமுறைதோறும் இருவருக்குச் சொல்லித் தருகிறேன். அவர்களுள் ஒருவன் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து புகுமுக வகுப்பில் படிப்பவன்.

மூன்றாவது வாரம் அவன் கேட்டான்: “அண்ணா, ஆர்கெஸ்ட்ராவில் இதை எடுத்துக்கொள்வார்களா?”

பதிவு மேசையில் எனக்குக் கிடைத்த பதிலை அவனிடம் மறைக்க நான் விரும்பவில்லை. “நிரந்தர இடம் கிடையாதுடா தம்பி,” என்றேன். “ஆனால் முன்னே நின்று வாசிக்க இடம் உண்டு. அதற்குக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் நன்றாக வாசிக்க வேண்டும்.” பிறகு கைப்பேசியில் கிளாசுனோவின் மெதுவான பகுதியைப் போட்டுக் காட்டினேன். முடியும்வரை அவன் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் நாணல் பட்டையை ஈரமாக்கி வாயில் வைத்துக்கொண்டு, “முதல் ஸ்வரம் எது அண்ணா?” என்று கேட்டான்.